முலையூட்டிப் படநூல்களைச் சேர்ப்பது பற்றி: எதை முதலில் வாங்குவது, எப்படிப் பேணுவது

நிலாவெளியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நீங்கள் மூன்று விடயங்களைக் கேட்டிருக்கிறீர்கள். உலகத்து முலையூட்டிகளை ஓவியங்களுடன் விளக்கும் பெருநூல்களைச் சேர்ப்பதென்றால் எங்கிருந்து தொடங்குவது, பழைய பதிப்புகளுக்குப் பணம் கொடுப்பதில் பயன் உண்டா, திருகோணமலையின் கடற்காற்றில் அவற்றைப் பழுதாகாமல் வைத்திருப்பது எப்படி என்பவை அவை. பல ஆண்டுகளாக இத்தகைய நூல்களை வாங்கியும் வாசித்தும் வருபவன் என்ற வகையில், என் மனத்தில் உள்ளதை முழுமையாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இவ்வகை நூல் ஒவ்வொன்றும் தான் அச்சான ஆண்டில் மனிதர் அறிந்திருந்ததைப் பதிவுசெய்யும் ஆவணம். ஆகவே "மிகச் சிறந்த நூல் எது" என்று தேடிக்கொண்டிருந்தால் தேடல் முடியாது. எந்த விலங்குக் கூட்டத்துக்கு, எந்த ஆண்டின் அறிவு, யார் கையால் வரைந்த படம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வாங்குபவரின் அலுமாரியில் பயனற்ற நூல் ஒன்றும் சேராது. கீழே நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்.

படத்திலிருந்து தொடங்குவோம். புகைப்படங்கள் நிறைந்த நூல் கண்ணுக்கு விருந்தாக இருக்கும்; ஆனால் ஒரு விலங்கை இன்னொன்றிலிருந்து பிரித்தறிய அது பெரும்பாலும் உதவாது. ஒரு கீரி வெயிலிலும் மற்றொன்று நிழலிலும், ஒன்று முன்பக்கம் பார்த்தும் மற்றொன்று ஓடிக்கொண்டும் இருக்கும்போது எதை எதனோடு ஒப்பிடுவது? ஓவியரோ எல்லாவற்றையும் ஒரே திசையில், ஒரே ஒளியில், ஒரே அளவுத்திட்டத்தில் நிறுத்திக் காட்டுகிறார். அருங்காட்சியகத் தோல்களையும் நூற்றுக்கணக்கான புகைப்படங்களையும் பார்த்து, அந்த இனத்துக்கு உரிய அடையாளத்தை மட்டும் வடித்தெடுத்துத் தருகிறார். அதனால்தான் இவ்வளவு துல்லியமான கமராக்கள் வந்த பின்னரும் உசாத்துணை நூல்களில் ஓவியத்தின் இடம் அசையவில்லை.

எந்த நூலையும் வாங்குமுன் நான் கீரிகள் உள்ள பக்கத்தைத் திறந்து பார்ப்பேன். இலங்கையில் நான்கு கீரி இனங்கள் உண்டு. நம் பகுதிப் பற்றைக்காடுகளில் அடிக்கடி தெருவைக் குறுக்கே கடக்கும் செங்கீரியின் வால் நுனி நல்ல கறுப்பு. நடக்கும்போது அந்த நுனியைச் சற்று மேல்நோக்கி வளைத்துப் பிடித்திருக்கும். சாம்பல் கீரியின் வால் நுனியில் கறுப்பு இல்லை. அது வெளிறிய மஞ்சளோ செம்மையோ கலந்திருக்கும். கழுத்தின் பக்கவாட்டில் கறுப்புப் பட்டை ஓடும் பெரிய கீரிக்கு வால் நுனியும் கறுப்பு, பின்னுடலோ செம்மை. நான்காவதான கபிலக் கீரி உடல் முழுதும் ஒரே கரும் பழுப்பு. இந்த நான்கையும் ஒரு நூல் எப்படி வரைந்திருக்கிறது என்பதைக் கொண்டு அந்த நூல் முழுவதையும் மதிப்பிடலாம். வால் நுனிகள் சரியாக இருந்தால் ஓவியர் தோல்களை நேரில் பார்த்து வரைந்திருக்கிறார் என்று நம்பலாம். நான்கும் ஒரே மண்ணிறத்தில் இருந்தால், ஓவியம் மோசமாக இருக்கலாம், அல்லது அச்சில் சிவப்பு மை ஏறியிருக்கலாம்; எப்படியானாலும் அந்தப் பிரதியை வாங்காமல் விடுவது நல்லது. நீங்கள் தினமும் காணும் விலங்கு எதுவோ அதையே இச்சோதனைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். பிரெட்ரிக் கோட்டைக்குள்ளும் கோணேசர் கோயில் வழியிலும் மேயும் புள்ளிமான்களை உங்கள் மாணவர்கள் எந்த ஓவியரையும் விட நன்றாக அறிவார்கள்.

அடுத்தது ஆண்டு. முலையூட்டிகளின் பெயர்ப்பட்டியலாக ஆய்வாளர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய நூலின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பு 5,416 இனங்களைக் கணக்கிட்டது. 2018இல் வெளியான ஆய்வொன்று, அண்மையில் அழிந்தவற்றையும் சேர்த்து 6,495 என்றது. பதின்மூன்று ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேல் கூடியிருக்கிறது என்றால், அத்தனையும் காட்டில் புதிதாகக் கண்டவை என்று எண்ணிவிடக் கூடாது. பெரும்பகுதி, முன்பு ஒரே இனமாகக் கருதப்பட்டவற்றை மரபணுவும் மண்டையோட்டு அளவுகளும் பார்த்துப் பிரித்ததால் வந்தது. நமக்கு அருகிலுள்ள எடுத்துக்காட்டு சருகுமான். 2005 வரை இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சேர்த்து ஒரே புள்ளிச் சருகுமான் இனமே சொல்லப்பட்டது. அவ்வாண்டு அது மூன்றாகப் பிரிக்கப்பட்டு, இந்தியாவுக்கு ஒன்றும் இலங்கைக்கு இரண்டும் ஆயின: உலர் வலயத்தில் வாழ்வது ஒன்று, ஈர வலயத்தில் மஞ்சட் கோடுகளுடன் வாழ்வது மற்றொன்று. எனவே 2005க்கு முந்திய எந்த நூலிலும், அது எவ்வளவு விலையுயர்ந்ததாயினும், இலங்கைச் சருகுமான் இரண்டாக இராது. சிங்கராஜவில் கண்டு 2007இல் பெயரிட்ட மூஞ்சூறும் அதற்கு முந்திய நூல்களில் இராது.

இனி நூல்களுக்கு வருகிறேன். இத்துறையில் எல்லோரும் முதலில் கேட்கும் பெயர் "ஹேண்ட்புக் ஒப் த மமல்ஸ் ஒப் த வேர்ல்ட்". ஸ்பெயினின் பார்சிலோனாவிலுள்ள லிங்ஸ் பதிப்பகம் 2009 முதல் 2019 வரை ஒன்பது தொகுதிகளாக இதை வெளியிட்டது. டொன் வில்சன், ரசல் மிற்றர்மையர் ஆகியோர் தலைமைப் பதிப்பாசிரியர்கள். ஓவியங்களில் பெரும்பகுதி டோனி யோபெற் வரைந்தவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் முதலில் நீண்ட கட்டுரை, அதனிடையே விலங்கின் வாழ்க்கையைக் காட்டும் புகைப்படங்கள், அதன்பின் ஒவ்வோர் இனத்துக்கும் ஓவியமும் பரம்பல் வரைபடமும் குறிப்பும் என்று அமைந்தது இது. ஒரு வகுப்பைச் சேர்ந்த விலங்குகள் அத்தனையையும் இந்த அளவில் யாரும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்ததில்லை என்பது என் எண்ணம். அதன் ஆசிரியர்களுக்கும் ஓவியர்களுக்கும் நாம் பெரிதும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஆனாலும் ஒன்பதையும் ஒரேயடியாக வாங்கித் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். ஒவ்வொரு தொகுதியும் மூன்று கிலோவுக்கு மேல் எடை. முழுத் தொகுப்பின் விலை ஓர் ஆசிரியரின் பல மாதச் சம்பளம். கடல் கடந்து வரும் அஞ்சற் கட்டணம் அதற்கு மேல். இன்னொரு காரணமும் உண்டு. பத்தாண்டு இடைவெளியில் வெளிவந்ததால், ஒன்பது தொகுதிகளும் ஒரே காலத்தின் அறிவைச் சொல்பவை அல்ல. முதல் தொகுதி 2009இல் வந்தது. அந்தீஸ் மலைக்காடுகளில் வாழும் ஒலிங்கீற்றோ என்ற சிறு ஊனுண்ணி 2013இல்தான் பெயர்பெற்றது என்பதால் அதில் அது தனி இனமாக இல்லை. குரங்கினங்களுக்கான மூன்றாம் தொகுதி 2013இல் வந்தது. சுமத்திராவின் தபனூலி ஒராங்குட்டான் தனி இனமாக அறிவிக்கப்பட்டது 2017இல். குளம்புள்ளவற்றுக்கான இரண்டாம் தொகுதி இதற்கு நேர்மாறானது. மாடு, ஆடு, மறிமான் அடங்கிய குடும்பத்தில் அதுவரை 143 இனங்கள் என்று கொள்ளப்பட்டதை அத்தொகுதி 279 ஆக உயர்த்தியது. ஆபிரிக்கப் பாறைகளில் தாவும் கிளிப்ஸ்பிரிங்கர் என்ற ஒரே சிறு மறிமான் அதில் பதினொன்றாகிவிட்டது. இந்தப் பிரிப்பைப் பல ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. அதற்காக அத்தொகுதியைக் குறையாக நினைக்க வேண்டியதில்லை. பதினொரு கிளிப்ஸ்பிரிங்கர்களையும் அருகருகே வரைந்து காட்டும் நூல் வேறெங்கு கிடைக்கும்? பெயர் இனமாக இருந்தாலென்ன, பிரதேச வகையாக இருந்தாலென்ன, வேறுபாடு கண்ணுக்கு முன்னே இருக்கிறது. ஆனால் அந்த எண்ணிக்கையை மட்டும் வகுப்பறையில் முடிந்த முடிபாகச் சொல்லிவிடாதீர்கள்.

ஆகவே உங்கள் முதல் நூல், அதே பதிப்பகம் 2023இல் வெளியிட்ட ஒரே தொகுதியான "ஓல் த மமல்ஸ் ஒப் த வேர்ல்ட்" ஆக இருக்கட்டும். ஒன்பது தொகுதிகளுக்கும் வரைந்த ஓவியங்கள் திருத்தத்துடனும் சேர்க்கையுடனும் இதில் சுருக்கமாக வருகின்றன. 6,400க்கும் மேற்பட்ட இனங்கள், ஒவ்வொன்றுக்கும் சிறு படமும் வரைபடமும். கட்டுரைகள் கிடையாது. விலங்கு என்ன உண்கிறது, எப்படிக் குட்டி வளர்க்கிறது என்று கேட்டால் பதில் சொல்லாது. ஆனால் எது எங்கே இருக்கிறது, எதைப் போல இருக்கிறது என்று கேட்டால் சொல்லும். இதற்கு முன்பு 2020இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வந்த படப்பட்டியலும் உண்டு. படங்கள் சற்றுப் பெரிதாகவும் குறிப்புகள் விரிவாகவும் வேண்டுமென்றால் அது மேலானது. பணத்தைக் கருதினால் 2023ஆம் ஆண்டு நூலே போதும்.

இரண்டாவதாக, ஒன்பதில் ஒரேயொரு தொகுதியை வாங்குங்கள். திருகோணமலையில் இருப்பவருக்கு அது நான்காம் தொகுதியே என்பதில் எனக்குத் தயக்கமில்லை. துறைமுகத்தின் வாயிலருகிலேயே ஆழ்கடற் பள்ளத்தாக்கு தொடங்குவதால், நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் கரைக்கு இவ்வளவு அருகில் வரும் ஊர்கள் உலகில் அதிகமில்லை. சோளகக் காலத்தில் நம் பக்கக் கடல் அமைதியாக இருக்கும்போது படகில் போகும் உங்கள் மாணவர், இடது பக்கம் சாய்ந்து முன்னோக்கி எழும் நீர்ப்புகையைக் கண்டால் அது விந்துத் திமிங்கிலம் என்றும், நேராகத் தூண்போல உயர்ந்து, நெடுநேரம் முதுகு ஓடிய பின்னர் கடைசியில் சிறிய முதுகுத்துடுப்புத் தெரிந்தால் அது நீலத் திமிங்கிலம் என்றும் சொல்லக்கூடும். தலைமேல் நீளவாக்கில் மூன்று வரம்புகள் இருந்தால் அது பிறைடின் திமிங்கிலம். பெருந்தொகுதி உடல் முழுவதையும் வரைந்து காட்டும். கடலில் நாம் காண்பதோ நீருக்கு மேலே தெரியும் சிறு துண்டுதான். அதனால் நான்காம் தொகுதியோடு, மார்க் கார்வடைன் எழுதிய திமிங்கிலக் கைநூல்களில் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீர்ப்புகையின் வடிவம், மேலெழுந்து மூழ்கும் வரிசை, வால் தோன்றும் விதம் ஆகியவற்றை மார்ட்டின் காம் முதலான ஓவியர்கள் அவற்றில் படிப்படியாக வரைந்திருக்கிறார்கள். படகில் கொண்டுபோகக்கூடிய அளவும் அதுதான்.

தொகுதிகளின் பெயரைப் பார்த்து உள்ளடக்கத்தை முடிவுசெய்யாதீர்கள். "கடல் முலையூட்டிகள்" என்ற நான்காம் தொகுதியில் திமிங்கிலம், டொல்பின், கடற்பசு, கடல்நாய் எல்லாம் உண்டு. ஆனால் பனிக்கரடியும் கடல் நீர்நாயும் ஊனுண்ணிகளுக்கான முதல் தொகுதியில்தான். யானையும் அழுங்கும் "குளம்புள்ளவை" என்ற இரண்டாம் தொகுதியில் இருக்கின்றன. அணில் ஆறில், எலி ஏழில், மூஞ்சூறு எட்டில், வௌவால் ஒன்பதில். ஐந்தாம் தொகுதி முழுவதும் முட்டையிடும் முலையூட்டிகளுக்கும் பையுள்ளவற்றுக்கும் உரியது. அடுத்து எதை வாங்குவதென்று கேட்டால் ஒன்பதாம் தொகுதியைச் சொல்வேன். உலகில் 1,400 அளவில் வௌவால் இனங்கள் இருக்கின்றன. முலையூட்டிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று. அவற்றின் முகங்களை, மூக்கின் மேலுள்ள இலை போன்ற மடிப்புகளை ஒவ்வொன்றாக வரைந்து அடுக்கியிருப்பதைப் பார்த்த பின்னர், கோயில் மண்டபத்தில் தொங்குபவை எல்லாம் ஒரே வௌவால் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

பழைய பெருநூல்களைப் பற்றிய உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை, ஆம், பயன் உண்டு என்பதே. ஆனால் ஒவ்வொன்றையும் அதனதன் காரணத்துக்காக வாங்க வேண்டும். வாஷிங்டன் தேசிய விலங்குக் காட்சிச்சாலையின் துணைப் பணிப்பாளராக இருந்த ஏர்னஸ்ற் வோக்கர், உலகின் ஒவ்வொரு முலையூட்டிச் சாதிக்கும், அதாவது நெருங்கிய இனங்கள் சேர்ந்த ஒவ்வொரு பிரிவுக்கும், ஒரு படமாவது தரவேண்டும் என்ற எண்ணத்தில் பல ஆண்டுகள் உழைத்து 1964இல் வெளியிட்ட நூல் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. 1999ஆம் ஆண்டின் ஆறாம் பதிப்பு இரண்டு தொகுதிகள். கறுப்பு வெள்ளைப் படங்கள். சில உயிரற்ற மாதிரிகளின் படங்கள். அழகுக்காக அதை யாரும் வாங்குவதில்லை. ஒரு சாதியைப் பற்றிய தெளிவான, சுருக்கமான வாசிப்புக்கு இன்றும் அதைத் திறக்கலாம். ஜெர்மன் விலங்கியலாளர் பேர்ன்ஹாட் கிறிசிமெக் பதிப்பித்த விலங்குக் கலைக்களஞ்சியத்தின் ஆங்கிலப் பதிப்பு 1972 முதல் பதின்மூன்று தொகுதிகளாக வந்தது. அவற்றில் கடைசி நான்கும் முலையூட்டிகள். உதிரியாகக் கிடைத்தால் இந்த நான்கை மட்டும் வாங்கினாலும் போதும். டேவிட் மக்டொனால்ட் பதிப்பித்து 1984இல் முதலில் வந்த கலைக்களஞ்சியம், பிறிசில்லா பாரற் முதலானோரின் ஓவியங்களோடு, விலங்கின் நடத்தையை விளக்கும் வகையில் சிறந்தது. இனம் ஒவ்வொன்றுக்கும் படம் தராது. ஆனால் வகுப்பில் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரிந்து குறைவு.

இவர்களில் ஜொனதன் கிங்டனை மட்டும் தனியே சொல்ல வேண்டும். அன்றைய தங்கனீக்காவில் பிறந்த அவர், கிழக்கு ஆபிரிக்க முலையூட்டிகளைப் பற்றி 1971 முதல் 1982 வரை ஏழு பகுதிகளாக வெளியிட்ட நூலில் எழுத்தும் அவரே, ஓவியமும் அவரே. தோலுக்குக் கீழே தசை எப்படி ஓடுகிறது, அதற்குக் கீழே எலும்பு எப்படி நிற்கிறது, ஒரு விலங்கு முகத்தைச் சுளிக்கும்போது எந்தத் தசை இழுக்கிறது என்று பென்சிலால் ஆராய்ந்திருக்கிறார். வண்ண ஓவியங்களை எதிர்பார்த்து அதைத் திறப்பவர் ஏமாறலாம். ஓவியம் என்பது சிந்திக்கும் வழி என்று அறிய விரும்புபவர் அதை ஒருமுறையாவது பார்க்க வேண்டும். 2013இல் அவரும் மற்றவர்களும் பதிப்பித்த ஆபிரிக்க முலையூட்டிகள் பற்றிய ஆறு தொகுதிகள் செய்தியில் நிறைவானவை. ஆனால் என் மனம் பழைய ஏழு பகுதிகளிடமே நிற்கிறது.

உலக நூல்களைப் பேசும்போது நம் தீவின் நூல்களை விட்டுவிடக் கூடாது. தேயிலைத் தோட்டத்துரையான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ் இலங்கை முலையூட்டிகள் பற்றி எழுதிய கைநூல் 1935இல் கொழும்பு அருங்காட்சியக வெளியீடாக வந்தது. 1980களில் வனசீவராசிகள், இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் அதை மூன்று பகுதிகளாக மீண்டும் வெளியிட்டது. அளவு, எடை, வாழிடம், பழக்கம் என்று அவர் தந்திருக்கும் விபரங்களின் மேல்தான் பின்னால் வந்தவர்கள் கட்டியெழுப்பினார்கள். எஸ். எச். பிரேட்டர் எழுதி பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1948இல் வெளியிட்ட இந்திய விலங்குகள் நூல், பின்வந்த பதிப்புகளில் போல் பருயெலின் வண்ண ஓவியங்களோடு கிடைக்கிறது. நமது மரை, கரடி, தேவாங்கு முதலியவை அதிலும் உண்டு; எழுத்து நடையோ மாணவர் வாசிக்கும் அளவுக்கு எளிது. அசோக யாப்பா எழுதி காமினி ரத்னவீர ஓவியம் தீட்டிய இலங்கை முலையூட்டி நூல் 2013இல் வந்தது. சருகுமான் இரண்டாகப் பிரிந்த பின்னர் வந்த நூல் என்பதாலும், ஓவியர் இந்த மண்ணின் விலங்குகளைப் பார்த்து வளர்ந்தவர் என்பதாலும், உலக நூலுக்கு அடுத்து இதுவே உங்கள் கைக்கு எட்டும் தட்டில் இருக்க வேண்டும்.

பழைய நூலும் புதிய நூலும் அருகருகே இருப்பதன் பயனைக் காட்ட ஒரு திமிங்கிலத்தைச் சொல்கிறேன். 1963இல் இரத்மலானைக் கரையில் ஒதுங்கிய அலகுத் திமிங்கிலம் ஒன்றை பி. ஈ. பி. தெரணியகல புதிய இனமென்று விபரித்துப் பெயரிட்டார். மற்றவர்கள் விரைவிலேயே அதை முன்பே அறிந்த ஜப்பானிய இனத்தோடு சேர்த்துவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழித்து, 2014இல், மரபணுவையும் உடற்கூற்றையும் ஒப்பிட்டு அவர் சொன்னதே சரி என்று நிறுவினார்கள். இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளின் படநூல்களில் அந்தத் திமிங்கிலம் தனியாக இல்லை. 1984ஆம் ஆண்டு நூலையும் 2023ஆம் ஆண்டு நூலையும் ஒரே மேசையில் விரித்து இதை மாணவருக்குக் காட்டுங்கள். வகைப்பாடு ஏன் மாறுகிறது என்று தனியாக ஒரு பாடம் நடத்த வேண்டியிராது.

பழைய பிரதிகளை வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கொழும்பில் மருதானைப் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், செப்டெம்பரில் நடக்கும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலும் சில வேளை நல்லவை அகப்படும். முதலில், நூலின் முன்பகுதியிலுள்ள படப்பட்டியலை எடுத்து, ஓவியப் பக்கங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபாருங்கள். சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அழகான பக்கங்களை வெட்டியெடுத்து விற்பவர்கள் எல்லா நாடுகளிலும் இருக்கிறார்கள். புலியும் சிறுத்தையும் முதலில் போகும், மூஞ்சூறு கடைசிவரை இருக்கும். அடுத்து, மினுமினுக்கும் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் அந்நூல் ஒருகாலத்தில் நனைந்திருக்கிறது; விலையைக் குறைத்தாலும் வேண்டாம். நூலக முத்திரையோ பழைய உரிமையாளரின் கையெழுத்தோ ஒரு குறையல்ல. மேலுறை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. முதுகுத் தையல் தளர்ந்திருந்தால் மட்டும் யோசியுங்கள், ஏனெனில் இந்த எடையுள்ள நூலை இங்கு திரும்பத் தைத்துத் தருபவரைக் காண்பது கடினம்.

இனிக் காப்பு. மாரியில் வாடைக்காற்றோடு மழை பிடித்துவிட்டால் நம் வீடுகளில் சுவரே வியர்க்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றால் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். எனவே கடலைப் பார்த்த வெளிச்சுவரோடு அலுமாரியை ஒட்டி வைக்காதீர்கள். உட்சுவர்ப் பக்கம், நாலு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். கறையானுக்கு அஞ்சி இரும்பு அலுமாரி வாங்குவது சரி. ஆனால் அதன் கதவை எப்போதும் இறுக மூடிவைத்தால் உள்ளே ஈரம் தேங்கும். மழையில்லாத நாட்களில் கதவைத் திறந்து, மின்விசிறியைச் சற்று நேரம் ஓடவிடுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலங்களை வைத்தால், நிறம் மாறியதும் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அந்துருண்டையை நான் விரும்புவதில்லை. அதன் மணம் தாளில் ஏறிவிடும், சிறுவர்கள் நூலை முகத்துக்கு அருகில் வைத்தே பார்ப்பார்கள். வேப்பிலையை நேரே தாள்களிடையே வைத்தால் கறை பிடிக்கும். காய்ந்த இலையைத் துணியில் முடிந்து தட்டின் மூலையில் வைக்கலாம்.

மூன்று நான்கு கிலோ எடையுள்ள நூலை நிற்க வைத்தால் அதன் தாள்கள் தம் பாரத்தாலேயே முன்னே சரிந்து, சில ஆண்டுகளில் அட்டையிலிருந்து கழன்றுவிடும். படுக்கவைத்து, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்றுக்கு மேல் அடுக்காமல் வையுங்கள். அட்டையோடு ஒட்டிக்கொள்ளும் மலிவான பிளாஸ்ரிக் உறை வேண்டாம்; பாடப்புத்தகத்துக்குப் போடும் பிறவுண் பேப்பரே மேல்.

நீர் புகுந்துவிட்டால் என்ன செய்வது என்பதை, 2004 டிசம்பரைக் கண்ட ஊர் என்பதால், முன்கூட்டியே அறிந்து வைத்திருங்கள். இந்நூல்களின் வழவழப்பான தாளில் வெண்களிமண் பூச்சு இருக்கிறது. நனைந்த நூலை மூடியபடி வெயிலில் வைத்தால் பூச்சு உருகிக் காய்ந்து, தாள்கள் முழுவதும் ஒரே கட்டையாகிவிடும். அதன்பிறகு எந்த வல்லுநராலும் பிரிக்க முடியாது. நனைந்த சில மணி நேரத்துக்குள் நூலைச் சுத்தமான பொலித்தீன் பையில் இட்டு, மீன் வைக்கும் ஆழ்குளிர்ப்பெட்டி போன்ற ஒன்றில் உறைய வைத்துவிட வேண்டும். அது சேதத்தை நிறுத்திவைக்கும். உங்களுக்கு அவகாசம் கிடைக்கும். பின்னர் நிதானமாக வெளியே எடுத்து, ஈரம் காயுமுன் தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடையிடையே மெழுகுத்தாள் வைத்து, நிழலில் மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். நூலின் வடிவம் கெடும், ஓவியங்கள் தப்பும்.

கடைசியாக, பதினெட்டாம், பத்தொன்பதாம் நூற்றாண்டின் செதுக்கோவிய நூல்கள் மீது உங்களுக்கு ஆசை இருப்பதாக எழுதியிருந்தீர்கள். அந்த ஆசையை நான் நன்கு அறிவேன். 1750களில் இங்கு ஒல்லாந்த ஆளுநராக இருந்த லோற்றனுக்காக, இத்தீவிலேயே பிறந்த பீற்றர் கோர்ணலிஸ் டி பேவர விலங்குகளையும் பறவைகளையும் வரைந்தார். லோற்றனின் அந்தத் தொகுப்பிலிருந்தே 1769இல் தோமஸ் பெனன்ற் தம் இந்திய விலங்கியல் நூலைத் தொடங்கினார். நமது நரைத்த மலை அணிலுக்கு விஞ்ஞானப் பெயர் கிடைத்ததும் அந்நூலில்தான். இத்தகைய நூல்களின் மூலப் பிரதிகள் ஏலத்தில் போகும் விலையில் உங்களுக்கு ஒன்பது தொகுதிகளும் வந்துவிடும். பல்லுயிர் மரபு நூலகம் என்று தமிழில் சொல்லத்தக்க பயோடைவர்சிற்றி ஹெரிற்றேஜ் லைப்ரரி, உலகின் பெரும் அருங்காட்சியகங்களின் பழைய நூல்களைப் பக்கம் பக்கமாக நிழலெடுத்து, இணையத்தில் இலவசமாகத் தருகிறது. பழைய ஓவியங்களை அங்கே பாருங்கள். பிடித்தவற்றை நல்ல தாளில் அச்சிட்டு வகுப்பறைச் சுவரில் ஒட்டுங்கள். கையிலுள்ள பணத்தை நான்காம் தொகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அதை வரவழைக்கும்போது, தனியாக ஒரு நூலுக்கு அஞ்சற் கட்டணம் செலுத்தாமல், கொழும்பிலோ மட்டக்களப்பிலோ இதே ஆர்வமுள்ள ஓரிருவரோடு சேர்ந்து ஒரே பொதியாகக் கேளுங்கள். பொதி எடுக்குமுன் நூலின் நான்கு மூலைகளுக்கும் தடித்த அட்டை வைத்துக் கட்டுமாறு விற்பவருக்கு எழுதிவிடுங்கள். இவ்வளவு எடையுள்ள நூல் வழியில் எங்காவது கீழே விழுந்தால் முதலில் நசுங்குவது மூலைதான்.